இரும்பு நாக்கு, ஈரச் சாக்கு

இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தண்ணீர்க் குழாயைத் தொடுவான். எங்கள் பின்வாசல் சுவரை ஒட்டி மண்ணுக்குள் இறங்குகிற இரும்புக் குழாய். வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்து, எடுத்து, அப்புறம்தான் குத்தவைத்து உட்காருவான். பட்டாசுக் கம்பெனியில் அறை வாசலுக்கு வாசல் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடட்டும் என்று அதைத் தொட்ட பிறகே வெடிமருந்துப் பக்கம் போக வேண்டும். தொட்டுத் தொட்டுப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் எதையாவது தேடுகிறது.

"மருந்தா இருக்கு இங்கன? வெறும் இரும்பு மாப்ள" என்றேன்.

"இரும்புக்குக் கோவம் வராதுன்னு யாரு சொன்னா அத்தான்?"

மாப்பிள்ளை என் மனைவியின் தம்பி. அக்காவும் தம்பியும் அச்சங்குளத்துப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் தாளோடு தாளாகக் கிடப்பவன். சாத்தூரை ஒட்டி ஒரே தெருவில் இரண்டு வீடும். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பேன். அப்படிப்பட்டவனை ஒரு தீபாவளி முடிந்த கையோடு ஒரு பலகையில் உட்காரவைத்தது, செத்துப்போன ஓர் இன்ஜின்.

வண்டி அவனுடையது. பழைய டூ-ஸ்ட்ரோக். வயதில் அவனுக்கு மூத்தது. இரண்டு பக்கமும் சைலன்சர், வயிறு புடைத்த டேங்க், ஓடினால் தெருக்கோடியிலிருந்தே பேர் சொல்லிக்கொண்டு வரும். முந்தைய சீசனில் அவன் இடது கை எரிந்தது. காயவைத்த மருந்தை அள்ளும்போது குப்பென்று பிடித்துக்கொண்டது. உயிர் தப்பிவிட்டான். விரல்களும் இருக்கின்றன, ஆனால் மடங்காது. ஆறிய தோல் உள்ளங்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. டம்ளரை இடது கையால் பிடிக்க மாட்டான், அதன்மேல் வைத்துக்கொள்வான். கம்பெனியில் மருந்து வேலையிலிருந்து எடுத்து கேட்டில் உட்காரவைத்தார்கள். வருகிறவர்களிடம் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைக்கிற வேலை.

கிளட்ச் பிடிக்க இடது கை வேண்டும். அந்தக் கை இல்லாமல் வண்டி எதற்கு? எங்கள் வாசல் முருங்கை மரத்தடியில் நின்றுபோனது. சீட்டில் கோழி அடைந்தது. நின்ற நிலையிலேயே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொண்டது. பழைய இரும்பு எடுக்கிறவர் ஒரு தடவை வந்து, சுற்றிப் பார்த்து, டயரை உதைத்துவிட்டுப் போனார்.

தீபாவளி அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சொன்னான்.

"தெனமும் எவன் வண்டியிலயாச்சும் பின்னால உக்காந்து, அவன் முதுகையே பாத்துக்கிட்டு வேலைக்குப் போறேன் அத்தான். ஒருத்தன் முதுகுல வேர்க்குரு. ஒருத்தன் சட்டையில கிளிசல். நம்ம ரோட்டுல இப்ப என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல."

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். என் மனைவிகூடச் சிரித்தாள். நான் எடுத்த கறியை இலையிலேயே வைத்தேன்.

"என்ன மாப்ள வேணும் உனக்கு?"

"பூசை போட்டுக் கம்பெனி திறக்கிற அன்னைக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போகணும். அம்புட்டுத்தான்."

தீபாவளிக்கு அப்புறம் கம்பெனிகள் சாத்திக் கிடக்கும். திறக்கிற வரைக்கும் எங்கள் தெரு முழுக்கக் கை சும்மா இருக்கும். அந்தச் சும்மாவுக்குள் ஒரு இன்ஜினைப் பிழைக்கவைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் காலத்து இன்ஜின் செய்தவன் ஒரு தந்திரம் வைத்திருந்தான். கியர் லீவரைக் காலால் அழுத்தினால், உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு எழுந்து கிளட்சைத் தானே திறந்துவிடும். காலை மெல்ல விட்டால் கிளட்ச் மெல்ல மூடும், வண்டி நகரும். கை வெறுமனே கைப்பிடியில் கிடந்தால் போதும். ஆனால் மாப்பிள்ளை வண்டியை வாங்கிய புதிதிலேயே மெக்கானிக் ஒருவர் அந்த நாக்கைக் கழற்றிவிட்டார். 'கையில கிளட்ச் இருக்கையில கால்ல எதுக்கு இன்னொண்ணு, அடிக்கடி சிக்கும்' என்று சொல்லி. அன்றைக்கு அது சரியான பேச்சாகத்தான் இருந்தது.

கிளட்ச் பக்க மூடியைத் திறந்தபோது நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழியும் பழைய எண்ணெயும் இருந்தன. பல் விழுந்த ஈறு மாதிரி.

நான் சுத்தியலை எடுத்தேன். இறுகிய பிஸ்டனுக்கு ஒரே தட்டு என்பது என் கணக்கு. மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தட்டாதீக. இரும்புமேல இரும்பு விழுந்தா பொறி பறக்கும்."

பட்டாசு வேலையில் தட்டக் கூடாது, உரசக் கூடாது, தரையில் எதையும் இழுக்கக் கூடாது. அந்த மூன்றையும் அவன் எங்கள் பின்வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஆகவே தட்டவில்லை. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றி ஊறவிட்டு, பிறகு சிலிண்டரின் தலைமூடியைக் கழற்றி, மரக்கட்டையைப் பிஸ்டன் தலையில் வைத்து, அதன்மேல் பித்தளைக் கம்பியை நிறுத்தி, உடம்புப் பாரத்தால் மட்டும் அழுத்திக்கொண்டு இருந்தோம். அவன் வலது கையால் அழுத்துவான். இடது கையைக் கம்பியின் உச்சியில் ஒரு மூடிபோல வைத்துக்கொள்வான். மடங்காத அந்தக் கை அதற்கு வெகு தோதாக இருந்தது. பொறுமை இல்லாத நான் நடுநடுவே எழுந்து தெருவைச் சுற்றிவிட்டு வருவேன். வரும்போதெல்லாம் அவன் அப்படியே இருப்பான். ஒரு சாயங்காலம் நான் வெற்றிலைக் கடையிலிருந்து திரும்பி வந்தபோது பிஸ்டன் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது.

"எறங்கிருச்சு அத்தான்" என்றான், தூங்குகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாக.

சிலிண்டரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் லேத்துப் பட்டறைக்கு பஸ் ஏறினேன். எண்ணெய் வாடைக்குப் பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா மடியில?"

"இன்ஜின் சாமான்மா."

"இந்த பஸ்ஸோடதா? நல்லதாப் போச்சு. வளியில நின்னா எறங்கி மாட்டி விட்ரு."

பஸ்ஸே சிரித்தது. சூலக்கரை விலக்கு தாண்டும்வரை அந்த அம்மா எனக்குப் பனங்கிழங்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். எண்ணெய்க் கையால் வாங்கக் கூடாது என்று அவரே வாயருகில் நீட்டினார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் எனக்கு ஊட்டியிருக்கலாம், எனக்கு நினைவிருப்பது அந்தக் கிழங்கு.

லேத்துக்காரர் என் வயதுக்காரர். சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஏற்கெனவே பலமுறை கடைந்திருந்தது.

"இது கடைசிக் கடைசல். இதுக்கு மேல கடைஞ்சா சுவர் தாங்காது. பாத்து வச்சுக்கிடுங்க, வேற சிலிண்டர் தேடுனாலும் சிக்காது" என்றார்.

இரும்பு நாக்குக்கு நான் மாதிரி கொண்டுபோயிருந்தேன். காலண்டர் அட்டையில் வெட்டியது. பிரஸ்ஸில் அட்டைக்குப் பஞ்சமில்லை. நாலைந்து வடிவம் வெட்டி, ஒவ்வொன்றையும் அந்தக் குழியில் பொருத்தி, மாப்பிள்ளை காலால் லீவரை அழுத்த நான் உள்ளே எட்டிப் பார்க்க, கடைசியில் ஒன்று சரியாக எழுந்தது. பழைய நாக்கைவிடக் கொஞ்சம் நீளம் வைத்தோம். லேசாக மிதித்தாலே கிளட்ச் திறக்க வேண்டும், அவன் கால் தயங்கினாலும் வண்டி தயங்கக் கூடாது என்பது எங்கள் யோசனை. லேத்துக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு முருகன் வேலின் பாதி இருந்தது. சிரித்துக்கொண்டே இரும்பில் செய்து கொடுத்தார்.

கடைந்த சிலிண்டரின் உட்சுவரை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. என் முகம் அதில் வளைந்து ஓடியது. புது இரும்புக்கு ஒரு வாசம் உண்டு, மழைக்கு முன்னால் கரிசலில் வருகிற மாதிரி. அதைத் தொடவே மனசில்லாமல் துணியில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவிப் பலகையில் பரப்பினோம். சிலிண்டர் துடைத்து எண்ணெய் பூச வேண்டியது பாக்கி. எண்ணெய் டப்பா காலி. மூடிகளுக்கு அடியில் வைக்கிற பேக்கிங் தாளும் வாங்க வேண்டும். "கடை அடைக்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துருவோம்" என்று இருவரும் சாத்தூருக்கு நடந்தோம். பெட்ரோல் ஊற்றிய தட்டு திறந்தபடியே கிடந்தது. அதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை, பட்டாசுக் கம்பெனிக்காரனான அவனும்கூட.

கடையில் பேச்சு, டீக்கடையில் பேச்சு, ஒரு தூறல். திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடித்தது போக மிச்சமிருந்த சரத்தைப் பிரித்துப் பிரித்து வெடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பின்வாசலில் தரை முழுக்கத் தண்ணீர். பலகைமேல் தடித்த சணல் சாக்கு ஒன்று சொட்டச் சொட்டக் கிடந்தது. அதன் அடியில் எங்கள் இன்ஜின் மொத்தமும்.

மனைவி வாளியோடு நின்றாள்.

"வந்துட்டீகளா! பெட்ரோலைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டீக. இங்க பொறி பறக்குது. நல்லா நனைச்சுப் போட்டுருக்கேன், ஒரு பொட்டு தீ உள்ள போகாது."

மத்தியானத்திலிருந்து போட்டிருக்கிறாள். காயக் காய நனைத்திருக்கிறாள்.

சாக்கைத் தூக்கினேன். சிலிண்டரின் உட்சுவர் மருதாணி வைத்த உள்ளங்கை மாதிரி சிவந்திருந்தது. துரு. என் முகம் ஓடிய இடத்தில் இப்போது எதுவும் ஓடவில்லை.

"கடைசிக் கடைசல்னு சொன்னாரே" என்றேன். குரல் ஏறிவிட்டது. "இனி இதைக் கடையவும் முடியாது, வேறயும் கிடைக்காது. தண்ணியவா ஊத்துவாக இரும்புல?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள், சத்தம் வராமல், பட்டாசு வேலைக்காரர்கள் எதையும் வைக்கிற மாதிரி. நெருப்புக்குப் பயந்த இடத்தில் ஈரச் சாக்கைப் போடுவதுதான் அவளுக்குத் தெரிந்த முதல் வேலை. பூட்டு போடுகிற மாதிரி, விளக்கை அணைக்கிற மாதிரி.

மாப்பிள்ளை குழாயைத் தொட்டுவிட்டு வந்து குனிந்தான். சிலிண்டருக்குள் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏக்கா, இதே மாதிரிதான அன்னைக்கும் போட்ட?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தான், அன்னைக்கு என் கையி எரியுது. நான் கத்தவுமில்ல, ஓடவுமில்ல, மரம் மாதிரி நிக்கேன். அடுத்த ஷெட்டுலருந்து ஓடியாந்தா. காலை நனைக்க வாசல்ல போட்டுருப்பாகல்ல, அந்த ஈரச் சாக்கோட என்மேல விளுந்துட்டா. அன்னைக்கு என் தோலையும் கொஞ்சம் உரிச்சுக்கிட்டுத்தான் சாக்கை எடுத்தா. நான் ஏதாச்சும் கேட்டேனா?"

"ஏலே, வாயை மூடு" என்றாள்.

"வேணும்னா சிலிண்டரு கேக்கட்டும் அத்தான், நீங்க என்ன கேக்கிறீக?"

அவள் ஓடிவந்ததை நான் அறிவேன். மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். அவள் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. வருஷம் கடந்து, ஒரு துருப்பிடித்த சிலிண்டரின் முன்னால் நின்று, நாங்கள் மூவரும் முதல் தடவையாக அந்த நாளின் பக்கத்தில் போனோம். தெருவில் ஒரு வெடி வெடித்தது. மூன்று பேருக்குமே உடம்பு தூக்கிப் போட்டது. அதற்கும் அவன் சிரித்தான். இந்தத் தடவை அவளும்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவள் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிலிண்டர். பழைய வேட்டித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து விரலில் சுற்றி, உள்ளே விட்டு, ஒரே திசையில், அழுத்தாமல் துடைத்தாள். மருந்துத் தட்டைத் துடைக்கிற பழக்கம் அது. முன்னும் பின்னும் தேய்த்தால் உரசல், உரசினால் தீ. ஒவ்வொரு துணியும் சிவந்து வந்தது. நான் இரும்பு தேய்க்கிற எமரித் தாள் ஒன்றை நீட்டினேன். ஏறிட்டே பார்க்கவில்லை.

"அது கீறும்."

"நேத்து நான் சொன்னது..." என்று இழுத்தேன்.

"காபி அடுப்புல இருக்கு. குடிச்சுட்டு நல்ல துணியாக் கிளிச்சுத் தாங்க."

கிழித்துத் தந்தேன். துணி சிவந்து, பிறகு பழுப்பாகி, பிறகு வெறும் எண்ணெய் நிறமாக வந்தது. சுவர் மறுபடி தெரிந்தது. ஆனால் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அவை மேலோடு நிற்கின்றனவா, உள்ளே இறங்கிவிட்டனவா, எங்களுக்குத் தெரியவில்லை. இந்த முறை சாக்கு இல்லை. அவளுடைய பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளையும் கூட வந்தான். பஸ்ஸில் அவன் தன் இடது கையைச் சேலைமேல் வைத்தபடியே வந்தான். விருதுநகர் வரைக்கும் நான் ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை.

லேத்துக்காரர் விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார். நகத்தால் வருடினார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தேய்ப்புக் கல்லைப் பொருத்தி, எண்ணெய் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி பார்த்தார்.

"துரு மேலாப்புலதான் பிடிச்சிருக்கு, உள்ள எறங்கல. உடனே துடைச்சது நல்லதாப் போச்சு. யாரு துடைச்சா? ஒரு கீறல் இல்லையே."

"எங்க அக்கா" என்றான் மாப்பிள்ளை. நனைத்ததும் அவள்தான் என்பதைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இன்ஜின் ஒவ்வொன்றாகத் தன் சாமான்களை உள்ளே வாங்கிக்கொண்டது. ரிங், பிஸ்டன், பேரிங், கிளட்ச் தகடுகள், கடைசியாக அந்த நாக்கு. இண்டிகேட்டர் சுவிட்சையும் ஹாரனையும் வலது பக்கம் மாற்றினோம். இடது கைப்பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றி, அவன் உள்ளங்கை வழுக்காமல் படுத்துக்கொள்ளத் தடிப்பாக்கினோம். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். கம்பெனிக்குள் வருகிற லாரிகளுக்கு மாட்டுகிற மாதிரி, இரண்டு சைலன்சர் வாயிலும் பொறி தடுக்கிற வலை வேண்டும். வண்டியைக் கேட்டுக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிடப் போகிறான் என்றேன். "இருக்கட்டுமே" என்றாள். மாட்டினோம்.

பூசை நாள் காலையில் தெரு எங்கள் வாசலில் இருந்தது. இந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டுதான், இடது பக்கம். மாப்பிள்ளை மிதித்தான். ஒன்றுமில்லை. மிதித்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். யாரோ, "பிள்ளையாருக்குச் சூடம் பொருத்துலே" என்றார்கள். "சூடம் வேண்டாம்!" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள். தெரு சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் மறுபடி மிதித்தான்.

பிடித்துக்கொண்டது.

முதலில் இருமல், அப்புறம் நீலப் புகை, அப்புறம் அந்தப் பழைய குரல். முருங்கை மரத்திலிருந்து கோழி இறங்கி ஓடியது. எனக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. யாருக்கென்று தெரியாமல் சீட்டைத் தட்டினேன். கிழங்கு ஊட்டிய அந்த அம்மாவுக்கு இருக்கட்டும், அட்டையில் பாதி முருகன் வேலைப் பார்த்துச் சிரித்தபடி நாக்கை இரும்பில் செய்தவருக்கு இருக்கட்டும், எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ கையில்லாதவனுக்கும் கால் இருக்கும் என்று நினைத்து இந்த இன்ஜினுக்குள் ஒரு நாக்கை வைத்தவனுக்கு இருக்கட்டும்.

கியரை மிதித்துக் காலை மெல்ல விட்டான். வண்டி குதித்து, நின்றுபோனது. அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் பக்கத்தில் போனேன். "நாக்கு நீளம் மாப்ள. நீ நினைக்கிறதைவிட மெதுவா விடணும்." மறுபடி மிதித்தான். மறுபடி விட்டான், பிஸ்டனை இறக்கிய அதே பொறுமையோடு. வண்டி நகர்ந்தது. இடது கை கைப்பிடியில் சும்மா படுத்திருந்தது. தெருக்கோடி வரை போனான், திரும்பினான், எங்கள் முன்னால் நிறுத்தினான்.

"ஏக்கா, ஏறு."

"கம்பெனியில பொம்பளைகளுக்கு விடுற வேன் வரும். நீ போ."

"வேன்ல எவ முதுகைப் பாக்கப் போற? என் முதுகைப் பாரு. வேர்க்குரு இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு "இருலே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தூக்கோடு வந்தாள். அடுத்த கையில், நனைத்து, நான்காக மடித்த சாக்கு.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். முன்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, சாக்கை மடியில் வைத்து, ஒரு கையால் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி குதிக்காமல் கிளம்பியது. அச்சங்குளத்து ரோட்டின் புழுதியில் சொட்டுச் சொட்டாக ஓர் ஈரக் கோடு அவர்கள் பின்னாலேயே போனது. அது காய்கிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன்.